மீனூட்டும் கூழைக்கடாவும்

எங்கள் தெருவில் ஏகாதசிப் பட்டினி இருப்பது பெரிய காரியமில்லை, அதை முடிப்பதுதான் பெரிய காரியம். மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் பிராமணக் குடும்பங்கள் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருந்த தெரு அது. தெருக்கோடியில் ஒரு மடம், மடத்துக்குள் சின்னதாக ஒரு கிருஷ்ணன் சந்நிதி, பின்புறம் நாலு பக்கமும் வெட்டுக்கல் சுவர் எழுப்பிய ஒரு குளம். கார்த்திகை மாதத்து ஏகாதசியன்று பால் குடிக்கிற குழந்தைகளைத் தவிர எல்லோரும் பட்டினி கிடப்பார்கள். மறுநாள் துவாதசி காலையில், மடத்தில் வடித்த சாதத்தின் முதல் பிடியைக் குளத்து மீன்களுக்குப் போட்டு, மீன் வாய் வைத்த பிறகுதான் மனிதர்கள் வாய் வைக்கலாம். அதற்கு மீனூட்டு என்று பெயர். மீன்களுக்கு ஏகாதசி கிடையாது என்பதும், முந்தின நாளும் அவை நன்றாகவே சாப்பிட்டிருக்கும் என்பதும் யாருக்கும் தோன்றியதில்லை. அந்த மீன்களும் நல்ல மாதிரி, எங்களை அதிகம் காக்க வைத்ததில்லை.

மீனூட்டும் அதையடுத்த சாப்பாடும் வருஷத்துக்கு ஒரு வீட்டாரின் முறை. முறைக்காரர் கையால்தான் முதல் பிடி குளத்தில் விழும். முதல் பந்தியில் மடத்துப் பெரியவருக்குப் பக்கத்து இலை அவருக்குத்தான். எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்த முறை வந்ததே இல்லை. காரணம், என் அப்பா சமையல்காரர். அவருடைய அப்பாவும் சமையல்காரர். முறை யாருடையதானாலும் அடுப்படி எங்களுடையது. “நீர் முறை எடுத்துண்டா யார் சமைக்கறது?” என்று தெரு சிரித்துக்கொண்டே கேட்கும். அப்பாவும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அந்தத் தெருவில் அவர் பரிமாறாத இலை கிடையாது. அவருக்கு ஒருவர் பரிமாறி நான் பார்த்ததும் கிடையாது.

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, முறைக்கு இருந்த குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்துவிட, அந்த வருஷத்து முறை கேட்பாரற்று நின்றது. அம்மா ஒருநாள் புடவையைச் சரிசெய்துகொண்டு நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போனாள். “எங்காத்துக்காரர் சமைக்கவும் சமைப்பார், முறையும் எடுத்துப்பார். அவருக்கு ரெண்டு கை இருக்கு கேட்டேளா” என்று சொல்லிவிட்டு வந்தாள். பெரியவர் ஒரு வாரம் யோசித்துச் சரி என்றார். செய்தி வந்த அன்று அப்பா வார்ப்பு, உருளி, அண்டா என்று வீட்டிலிருந்த பெரிய பாத்திரங்களையெல்லாம் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். துவாதசிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

இந்த நிலைமையில்தான் அந்தப் பறவை வந்து சேர்ந்தது.

துலா மாதம் என்று நாங்கள் சொல்கிற ஐப்பசியின் மழை எங்கள் ஊரில் மத்தியானத்துக்கு மேல்தான் இடியோடு வரும். ஒரு நாள் அது இருட்டின பிறகும் ஓயாமல் அடித்துத் தெருவில் ஓடுகளையெல்லாம் கிளப்பிவிட்டது. மறுநாள் விடிந்ததும் நான் குளத்துக்குப் போனேன். யாரோ வேஷ்டியை நனைத்துக் கடைசிப் படியில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டே போனபோது வேஷ்டி எழுந்து நின்றது.

என் இடுப்புக்கு மேல் உயரம். சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, பிடரியில் எண்ணெய் காணாத சுருட்டை முடி, அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத கட்டைக் கால்கள். விரல்களுக்கு நடுவில் வாத்துக்கு இருப்பதுபோலத் தோல். அலகு மட்டும் என் கை நீளம் இருந்தது. மேல் அலகின் ஓரம் நெடுக, பேனாவை உதறினாற்போல நீலக் கறுப்பில் புள்ளிகள். கீழ் அலகிலிருந்து தொண்டை வரைக்கும் ஒரு தோல் பை, மங்கின ஊதா நிறத்தில், சுருங்கித் தொங்கியது. இவ்வளவு பெரிய உருவத்திடமிருந்து ஒரு சத்தம் கூட வரவில்லை. அது என்னைப் பார்த்தது, பிறகு அலகைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. அந்த வாய்க்குள் என் தலை தாராளமாகப் போகும். நான் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தேன்.

அரை மணி நேரத்தில் தெருவே குளக்கரையில் நின்றது. அது கூழைக்கடா என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் மீனைச் சாமியாகப் பார்த்தவர்கள், மீன் தின்கிறவர்களைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? ஒருவர் அன்னம் என்றார். இன்னொருவர் ராஜ ஹம்சம் என்று திருத்தினார். கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராஜ ஹம்சம் தண்ணீரில் இறங்கி, அவசரமில்லாமல் நீந்திப் போய், சட்டென்று தலையை முக்கியது. வெளியே வந்தபோது அந்தத் தோல் பை ஒரு குடம் தண்ணீரோடு உப்பியிருந்தது. அலகை மார்போடு அணைத்து, இரண்டு பக்கமும் தண்ணீரை வடியவிட்டது. பிறகு தலையை அண்ணாந்து ஒரே விழுங்கு. கழுத்துக்குள் எங்கள் சாமி இறங்கிப் போவதை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது.

“கிருஷ்ணா!” என்று பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா படிக்கட்டின் மேலே நின்றிருந்தார். அவர் பறவையைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கால் நனைத்தாலே வந்து கொத்துகிற மீன்கள் ஒன்றையும் காணவில்லை. எல்லாம் கல் இடுக்குக்குள் போய்விட்டிருந்தன.

ஏகாதசிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அதற்குள் அது தானாகப் போய்விடும் என்றார்கள். அது போகவில்லை. போகாததோடு, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று ஒழுங்காகச் சாப்பிட்டது. மற்ற நேரத்தில் படியில் உட்கார்ந்து, வாலடியிலிருந்து எண்ணெய் தொட்டு இறகு ஒவ்வொன்றாகக் கோதிக்கொண்டது. வெயில் ஏறினால் அலகைத் திறந்து தோல் பையைப் படபடவென்று விசிறிக்கொள்ளும். தூக்கம் வந்தால் தலையைத் திருப்பி அலகை முதுகில் சாய்த்துவிடும். ஒருநாள் கழுத்தைப் பின்னால் வளைத்து, அந்தப் பையைத் தன் கழுத்தின் மேலேயே உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டி நீட்டியது. தொண்டை எலும்பு பைக்குள்ளிருந்து துருத்திக்கொண்டு நின்றது. அது செத்துப்போகிறது என்று நான் அழுதேன். அது சோம்பல் முறிப்பதாம். இதையெல்லாம் நான் பள்ளிக்கூடம் போகாத நேரமெல்லாம் படியில் உட்கார்ந்து பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது.

அதைத் திருத்த முடியும் என்று எங்கள் தெரு நம்பியதுதான் எல்லாவற்றிலும் வேடிக்கை. கிருஷ்ணனின் குளத்துக்கு வந்துவிட்டது, இனி அதற்கு எதற்கு மீன்? நல்ல சாப்பாடு கிடைத்தால் கெட்ட பழக்கம் தானே விட்டுப்போகும் என்று தெருப் பெண்கள் முடிவு செய்தார்கள். தயிர்சாதம் உருட்டிக்கொண்டு வந்தார்கள். நேந்திரம்பழம் புழுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி பப்படம் பொரித்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் பறவைக்கு முன்னால் தண்ணீரில் போட்டார்கள். சாதத்தைக் கண்டதும், பயந்து ஒளிந்திருந்த மீன்கள் பழைய ஞாபகத்தில் இடுக்கைவிட்டு வெளியே வந்தன. நேராகப் பறவையின் அலகுக்கு அடியில் வந்து கூடின. கூழைக்கடா இருந்த இடத்தைவிட்டு நகராமல், கழுத்தை மட்டும் வளைத்து, தயிர்சாதமும் மீனுமாக அள்ளியது. தயிர்சாதத்தைத் தண்ணீரோடு வடித்துவிட்டு மீனை விழுங்கியது. இலை போட்டுப் பரிமாறுவது என்பார்களே, அதை எங்கள் தெரு இரண்டு நாள் பக்தி சிரத்தையோடு செய்தது. மூன்றாம் நாள் அப்பாதான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னார்.

அடுத்தது விரட்டல். சேகண்டி மாதிரியான சேங்கிலையை அடித்தார்கள், தாம்பாளம் தட்டினார்கள், பையன்கள் ஓலைப் படக்கம் கொளுத்திப் போட்டார்கள். தெருவில் ஒரு கைக்குழந்தைக்கு ஜுரம் வந்தது. பறவை குளத்தின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு என் சித்தப்பாவின் யோசனை. அப்பாவின் தம்பி அவர். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டைக்குக் குறி போடுகிற வேலை. வேலையைவிட யோசனை அதிகம். “அண்ணா, அதுக்கு வேண்டியது மீன்தானே. வேற மீனைக் குடுத்துட்டா நம்ம மீனைத் தொடாது” என்றார். அப்பா காதைப் பொத்திக்கொண்டார். அம்மா, “இந்த ஆத்துல அந்தப் பேரை எடுக்கப்படாது” என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காத இடத்தில் சித்தப்பாவிடம் பழைய குடையை எடுத்துக் கொடுத்ததும் அம்மாதான். நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பா மழையில்லாமல் குடை பிடித்துக்கொண்டு தெருவில் வந்தார். குடைக்குள் வாழையிலையில் சுற்றிய மத்தி. முகத்தை ஏதோ ஸ்லோகம் சொல்கிறவர்போல வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பின்னால் வந்த பூனைகளைத் தவிர. முதல் வீட்டுப் பூனை, அடுத்த வீட்டுப் பூனை, மடத்துப் பூனை என்று தெருவின் பூனைகள் அத்தனையும் வாலை நிமிர்த்திக்கொண்டு அவர் பின்னால் வரிசையாக வந்தன. வாசலில் நின்ற பெண்கள் முதலில் பூனைகளைப் பார்த்தார்கள், பிறகு குடையைப் பார்த்தார்கள், பிறகு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். சித்தப்பா குளத்தை எட்டுவதற்குள் பெரியவர் எட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கையில்லை. பெரியவர் எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், கம்பை ஊன்றிக்கொண்டு நின்று பேசினார். கெட்ட மனிதர் இல்லை, சட்டம் பேசுகிறவர். “ஏகாதசி மத்தியானத்துக்குள்ளே அது போகணும். இல்லேன்னா இந்த வருஷம் மீனூட்டு வேண்டாம். நான் சந்நிதியில பாலபிஷேகம் பண்ணி விரதத்தை முடிச்சுவைக்கறேன்” என்றார். கொஞ்சம் தயங்கி, “மீனூட்டு இல்லேன்னா முறையும் இல்லே. மனசிலாச்சோ?” என்று சேர்த்துக்கொண்டார்.

அப்பா, “சரி” என்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர் போன பிறகு, “முப்பது வருஷம் தேய்ச்ச பாத்திரம்” என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள். அவள் அழுவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்குப் பறவை மேல் வந்த கோபத்தில் அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் விடிந்ததும் அதைத் திட்டுவதற்கென்றே குளத்துக்குப் போனேன்.

திட்டப் போன இடத்தில்தான் அதைக் கண்டேன். முன்பும் கண்டதுதான், கவனித்ததில்லை. வெயில் கொஞ்சம் ஏறியதும் பறவை குளத்தின் வடகோடிக்கு நீந்திப் போய்த் திரும்பி நின்றது. சிறகை விரித்தது. ஒவ்வொன்றையும் எங்கள் வீட்டுக் கூடத்துக்குப் பாயாகப் போடலாம். இரண்டு காலையும் சேர்த்துத் தண்ணீரை உதைத்து உதைத்து, தண்ணீர் மேலேயே ஓடி வந்தது. உடம்பு தண்ணீரைவிட்டு எழும்பி ஓர் ஆள் உயரம் வந்திருக்கும், அதற்குள் தென்கோடிச் சுவர். சுவருக்கு மேல் குளத்தைப் பார்த்துச் சாய்ந்த தென்னைகள். பறவை சட்டென்று சிறகை மடக்கித் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தது. பிறகு மறுபடி வடகோடிக்குப் போயிற்று.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சித்தப்பாவைக் கையைப் பிடித்து இழுத்தேன். மத்தி விவகாரத்துக்குப் பிறகு அவர் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

“சித்தப்பா, அதுக்குப் போகணும்னு இருக்கு. போக முடியல.”

“மிண்டாம வாயை மூடிண்டு இரு. தின்னு கொழுத்துண்டு கிடக்கு அது.”

“இல்லே, வந்து பாருங்கோ. ஓடி ஓடித்தான் மேலே ஏறறது. ஏறறதுக்குள்ளே சுவர் வந்துடறது.”

வந்து பார்த்தார். அது இன்னொரு தடவை ஓடி இன்னொரு தடவை விழுந்தது. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “யுத்த காலத்துல காயல்ல கடல் விமானம் இறங்கும், பார்த்திருக்கேன். பாதிக் காயல் ஓடினப்பறம்தான் அது மேலே ஏறும். இதுக்கு நாம குடுத்திருக்கறது குளிக்கற ரூம், ஒரு குளிமுறியாக்கும்!” என்றார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் ஓடினார். பத்து வயதில் என்னை அப்படி யாரும் தூக்குவதில்லை, அதனால் அது நன்றாக நினைவிருக்கிறது.

விரட்ட விரட்டப் போகாத விருந்தாளியை நாங்கள்தான் வெளிப்பக்கம் பூட்டி உள்ளே வைத்திருக்கிறோம் என்று தெருவுக்குப் புரிய வைப்பதற்குள் ஏகாதசியே வந்துவிட்டது. காலையில் சித்தப்பா ஒரு துண்டை இடுப்பில் கட்டி, இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்தில் குதித்தார். வேடிக்கை பார்க்கத் தெரு கூடியிருந்தது, பட்டினியிலும் சிரிப்பதற்குத் தெம்பு இருந்தது. அவர் முன்னால் போனால் பறவை திரும்பிக்கொள்ளும், பின்னால் போனால் அலகால் சடாரென்று வெட்டும். ஒரு தடவை அவர் தோள் துண்டு அப்படியே பைக்குள் போய்விட்டது. பறவை அதை வடிகட்டிப் பார்த்து, பிடிக்காமல் உமிழ்ந்தது. சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பெரியவர் படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அப்பா வந்தார். மடத்து அடுப்படியிலிருந்து நேராக, தோளில் சாதம் வடிக்கிற துணிகள் இரண்டோடு. “நகருடா” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

பாயசம் கொதிக்கிற உருளியை அடுப்பிலிருந்து இறக்குவதை நீங்கள் பார்த்திருந்தால் அப்பா செய்தது உங்களுக்குப் புரியும். அதை நேராகப் போய்ப் பிடிக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது, பயப்படவும் கூடாது. பக்கவாட்டில் போய், துணியைப் போட்டு, உடம்போடு அணைத்து, முதுகை வளைக்காமல் காலால் எழும்ப வேண்டும். அப்பா மார்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றார். பறவை அவரைச் சுற்றி ஒருமுறை நீந்திவிட்டுப் பக்கத்தில் வந்தது. ஈரத் துணி ஒன்று அதன் தலையையும் கண்ணையும் மூடி விழுந்தது. இருட்டானதும் அது அடங்கிப்போயிற்று. இன்னொரு துணி சிறகைச் சுற்றியது. அப்பா அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாத நடையில் படியேறி வந்தார். அலகின் நுனிக் கொக்கி அவர் மணிக்கட்டைக் கிழித்திருந்தது.

“கனமே இல்லே, எல்லாம் காத்து” என்றார். அந்த மாதத்தில் அவர் ஆச்சரியப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

பிறகு நாங்கள் காயலுக்குப் போன போக்கை என்ன சொல்வது! அப்பா நடுவில் பறவையோடு. துணிக்கு மேலாக அலகை மூடிப் பிடிக்கிற பொறுப்பு எனக்கு, நானே கேட்டு வாங்கிக்கொண்டது. முன்னால் சித்தப்பா, ஈரத் துண்டோடு, வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டு. பின்னால் தெருவின் ஆண்கள், பையன்கள், மத்தி நாளை மறக்காத பூனைகள். பஜார் ரோட்டில் இஞ்சி மூட்டை தூக்கினவர்கள் மூட்டையை இறக்கிவிட்டு நின்றார்கள். குஜராத்தி சேட்டுகள் கிடங்கு வாசலுக்கு வந்தார்கள். கைவண்டிகள் ஒதுங்கின. ஏகாதசிப் பட்டினி என் கண்ணைக் கட்டியது, ஆனாலும் நான் தலையைக் குனியவில்லை. யானைமேல் போகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

படகுத்துறையான கடவில் சரக்கு வள்ளங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, நடுவில் ஒரு முழம் தண்ணீர் கூடத் தெரியவில்லை. அங்கே இறக்கினால் பறவைக்கு மறுபடி குளம்தான். கிடங்குக்குச் சரக்குக் கொண்டுவருகிற ஒரு வள்ளக்காரரைச் சித்தப்பாவுக்குத் தெரியும். அவர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “எண்டெ படச்சோனே! இது எந்து சாதனாணு சாமீ?” என்றார். என்ன சாமான் இது என்று கேட்டவருக்குச் சித்தப்பா நடந்ததையெல்லாம் சொன்னார். அவர் மறு பேச்சு பேசாமல் வள்ளம் தள்ளுகிற கழுக்கோலை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் பறவையும் ஏறிக்கொண்டோம்.

காயலுக்கு நடுவில், சுற்றிலும் வெறும் தண்ணீராக இருந்த இடத்தில் அப்பா துணிகளை அவிழ்த்து அதை மெல்ல இறக்கிவிட்டார். அது உடனே பறந்துவிடும் என்று கரையெல்லாம் காத்திருந்தது. அது உடம்பை உதறியது. வாலை ஆட்டியது. அப்பா அணைத்துப் பிடித்ததில் கலைந்த இறகையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஆரம்பித்தது. “கல்யாணத்துக்குப் போறதோ என்னமோ” என்று சித்தப்பா பல்லைக் கடித்தார். வள்ளக்காரர் ஒரு பீடி பற்றவைத்து முடித்தார். காற்று கடல் பக்கத்திலிருந்து திரும்பியது. கூழைக்கடாவும் காற்றைப் பார்த்துத் திரும்பியது.

ஓடியது. இரண்டு காலும் சேர்ந்து தண்ணீரில் அறைந்த சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. குளத்தின் நீளம் முடிந்தது, இன்னொரு குளத்தின் நீளமும் முடிந்தது, சுவர் வரவில்லை. “ஓடு! ஓடு!” என்று நான் வள்ளத்தில் நின்று கத்தினேன். உதை நின்றது. கால்கள் வயிற்றோடு மடங்கின, கழுத்து தோளுக்குள் போயிற்று, அந்த அலகு மார்பின் மேல் சாய்ந்தது. தரையில் அவ்வளவு அசிங்கமாக நடந்த ஒன்று, சிறகைக் கூட அடிக்காமல், கிடங்குகளின் ஓட்டுக்கூரைக்கு மேல் பெரிதாக ஒரு வட்டம் போட்டது. அதைவிட மேலே இன்னொரு வட்டம். பிறகு வல்லார்பாடம் தீவின் பக்கமாகத் திரும்பிச் சின்னதாகிக்கொண்டே போயிற்று. கடவிலிருந்த சுமைக்காரர்கள் எல்லோரும் கூவினார்கள். ஒரு போட்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். அப்பா ஈரத் துணியோடு எழுந்து நின்று பார்த்தார், வள்ளம் ஆடியது. “இரிக்கு சாமீ, வள்ளம் மறியும்!” என்று வள்ளக்காரர் அவர் வேஷ்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

வீட்டு வாசலில் அம்மா எங்கள் மூன்று பேரையும் நிறுத்திக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியும்போது குளக்கரையில் தெரு முழுக்கப் பசியோடு நின்றது. அப்பா வெள்ளை வேஷ்டி கட்டி, கடைசிப் படியில் இறங்கி, முதல் பிடியைப் போட்டார். சாதம் தண்ணீரில் பரவி மெல்ல அமிழ்ந்தது. ஒன்றும் வரவில்லை. இரண்டாவது பிடி. குளம் சும்மா கிடந்தது. பின்னால் யாரோ, “எல்லாத்தையும் தின்னுட்டுத்தான் போயிருக்கு” என்று முணுமுணுத்தார்கள். அப்பாவின் முதுகில் வேர்வை வழிந்ததை நான் பார்த்தேன். அவர் மூன்றாவது பிடியை எறியவில்லை. குந்தி உட்கார்ந்து, சாதத்தோடு கையைத் தண்ணீருக்குள் விட்டு, அப்படியே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் சிலிர்த்தது. கையை ஏதோ கொத்தியிருக்கிறது. பிறகு இன்னொன்று. அப்புறம் இடுக்கு இடுக்காகக் கிளம்பி வந்து, அவர் முழங்கை வரைக்கும் மீனாகக் கொதித்தது. பெரியவர், “ஆச்சு!” என்று சத்தமாகச் சொன்னார். அந்தச் சொல்லுக்குக் காத்திருந்த தெரு, கோவிந்தா போட்டுக்கொண்டு மடத்துக்கு ஓடியது. முதலில் ஓடியவள் நான்.

முதல் பந்தியில், பெரியவருக்குப் பக்கத்தில், அப்பாவுக்கு இலை போட்டிருந்தது. சித்தப்பாவும் பெரியவரின் பிள்ளையும் பரிமாறினார்கள். சாம்பார் வாளி ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். பெரியவர் அவர் தொடையில் கையை வைத்து, “உட்காரும்” என்றார். அப்பா உட்கார்ந்தார். சாதத்தைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். எல்லோரும் ரசத்துக்கு வந்துவிட்டார்கள், அவர் முதல் வாய் எடுக்கவில்லை. எதிர் வரிசையிலிருந்து நான், “அப்பா, பக்ஷி கொத்தின கை வலிக்கறதா?” என்று உரக்கக் கேட்டேன். பந்தியே சிரித்தது. அவரும் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அந்த இலை பறவையைப் பிடித்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் நான் நினைத்தேன். அலகைப் பிடித்த எனக்கும் அதில் பங்கு உண்டு என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அதனால் அடுத்த வருஷம் துலா மாதம் பிறந்ததும், ஒவ்வொரு இடிமழைக்கும் மறுநாள் விடியற்காலையில் குளத்துக்கு ஓடினேன். படி வெறுமையாகவே இருந்தது. அந்த வருஷத்து முறை வேறொரு வீட்டாருடையது, துவாதசியன்று அப்பா சாம்பார் வாளியோடு முதல் பந்தியில் குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தார். எனக்கு வராமல் போன அந்தப் பறவையின் மேல்தான் கோபம் வந்தது.